ஒன்பது வோல்ட்

பிளக்கைப் பிடுங்கக் கூடாது.
கடைக்கார அபுதாகிர் மூன்று தடவை சொன்னார்,
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பர்மாத் தேக்குக் கதவுக்கும் எனாமல் தட்டுகளுக்கும் நடுவிலிருந்து
இந்த ரேடியோக் கடிகாரத்தை
முந்நூறுக்கு எடுத்துக் கொடுத்த அன்று.
கரண்ட் இருக்கும்போதே பேட்டரியை மாத்தணும்.
ரெண்டும் ஒரே சமயம் போச்சுன்னா
எல்லாம் மறந்துரும், அவ்வளவுதான்.

புதுவயலில் கரண்ட் போவது புதிதில்லை.
பேட்டரி செத்த இந்த ஒரு மாதமாக
போய் வரும் ஒவ்வொரு தடவையும்
சிவப்பாய்க் கண் கொட்டுகிறது:
பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு.
போன வாரம் சாத்தையா அரிசி ஆலைக்கு
இரண்டு மணி நேரம் தாமதம்.
பாய்லரில் ஆள் இல்லை,
நெல்லுக்குப் பதில் மேஸ்திரி கொதித்தார்.

செல்போன் இருக்கிறதே என்பீர்கள்.
தூக்கத்திலேயே தடவி அதை ஊமையாக்கிவிடுவார்.
இதைத் தலையில் ஓங்கி அடிக்க வேண்டும்.
அதற்குள் கொடைக்கானல் பண்பலையில் யாராவது
உரத்தைப் பற்றி ஒரு வாக்கியம் முடித்திருப்பார்கள்.
அந்த வாக்கியத்தில்தான் விழிப்பார்.

மதியம் இரண்டு பத்து.
நைட் ஷிப்ட் முடித்தவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிறார்.
கடிகாரத்தை மடியில் கவிழ்த்து
ஒரு ரூபாய் விளிம்பால் மூடியை நெம்பினேன்.

மூடிக்குள் நாலாய் மடித்த துண்டுச் சீட்டு.
நீல மை. கணக்கு எழுதிப் பழகிய கை.
பேட்டரி மாற்றியது. ஈப்போ. 14-8-91. வெள்ளி 3.20.
பேட்டரி மாற்றியது. ஈப்போ. 2-9-93. வெள்ளி 3.50.
பேட்டரி மாற்றியது. காரைக்குடி. 96 தை. ரூபாய் 22.
அடுத்த வரியில் தேதி மட்டும்.
தொகைக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

பழையதின் முனையில் பச்சை பூத்திருந்தது.
கழற்றி, கொக்கியை எலுமிச்சை மூடியால் தேய்த்து
பழந்துணியால் துடைத்து
இடது கையில் புதியது, வலது கையில் வயர்.
இரண்டு குமிழ், ஒன்று சின்னது, ஒன்று பெரியது,
ஜாக்கெட்டின் பிரஸ் பட்டன் மாதிரி
அமுக்கினால் போதும்

மின்விசிறி வேகம் குறைந்தது.

எந்தக் குமிழ் எதற்கு என்று பார்க்கவில்லை.
அமுக்கினேன். டக்.
அதற்கு முன்பே எண்கள் அணைந்திருந்தன.

பேட்டரியில் ஓடும்போது இது முகம் காட்டாது.
ஓடுகிறதா, நின்றுவிட்டதா
கரண்ட் வந்தால்தான் தெரியும்.
காதில் வைத்துப் பார்த்தேன்.
முள் இல்லாத கடிகாரம், மூச்சும் இல்லை.
சாத்தையா புரண்டார். முதுகில் பாயின் வரிகள், வேர்வை.
"மணி என்ன?"
"தெரியலை. தூங்குங்க."
செல்போன் பக்கத்தில்தான் கிடந்தது.
அதைப் பார்ப்பது ஏதோ காப்பியடிப்பது போலிருந்தது.

பழைய பேட்டரியை நாக்கில் வைத்தேன்,
ஏழாம் வகுப்பில் பந்தயத்துக்கு வைத்த மாதிரி.
கொஞ்சம் புளித்தது.
முழுசாய்ச் சாகவில்லை அது.
நேரத்தைத் தாங்க மட்டும் முடியவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் சுட்டது.
ஆலையிலும் சத்தமில்லை, அங்கும் கரண்ட் இல்லை.
ஒரு எறும்பு எலுமிச்சை மூடியைச் சுற்றி வந்து
வேண்டாமென்று போனது.

விசிறி அசைந்தபோது
கடிகாரத்தில் 3:37. கண் கொட்டவில்லை.
செல்போனில் 3:31.

இருட்டில் தனியாய் ஓடியதில்
ஆறு நிமிடம் முந்திவிட்டது.
திருத்தப் பின்னால் பொத்தான் இருக்கிறது.
தொடவில்லை.

சீட்டில் அந்தத் தொகையில்லாத வரிக்குக் கீழே
பேட்டரி மாற்றியது. புதுவயல். ரூபாய் 45.
வரவு ஆறு நிமிடம் என்று எழுதப் போய்
அடித்துவிட்டேன்.
அது அந்த நீல மைக்காரர் புத்தி, எனக்கெதற்கு.

ஐந்து மணிக்கு ஒருவர்
தென்னையில் குரும்பை ஏன் உதிர்கிறதென்று ஆரம்பித்தார்.
சாத்தையா ஓங்கி அடித்தார்.
உட்கார்ந்து, செல்போனை எடுத்துக் கண்ணைச் சுருக்கி,
"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கே" என்றவர்
மறுபடி சாய்ந்தார்.
நானும் பக்கத்தில் படுத்தேன்.

மூடியை இன்னும் மாட்டவில்லை.