கனிவான கவனத்திற்கு

ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் குடியிருந்தால்
கடிகாரமே வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோது
வாடகையில் இருநூறு ஏற்றுவதற்கான சாக்கு
என்றுதான் நினைத்தேன்.

பியூலாவுக்கு இந்த மாதமும் இரவுப் பணி.
வேலூரில் அவள் யாருடைய சிறுநீர்ப் பையையோ
அளந்து எழுதிக்கொண்டிருக்கும் வேளையில்
காட்பாடியில் நான் ஒற்றைக் காலுறையைத் தேடுவேன்.
மற்றது எப்போதும் இருக்கும்.
இரண்டும் ஒருசேர இருந்ததாய்ச் சரித்திரமில்லை.

போன ஜூனில் டயரியின் பின்னட்டையில் எழுதினேன்,
மொத்தம் பதினொன்று:
முதல் வண்டி ஊதினால் உலையில் அரிசி,
கூட்ஸ் கடந்தால் நாத்தானுக்குக் குளியல்,
கோவை வண்டியின் அறிவிப்புக்கு
ஜெரூஷாவின் இரட்டைப் பின்னல்.
ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின்
மூன்று வருடக் கணக்கை நேர்செய்தவன் நான்.
மூன்று பிரி மயிர் மட்டும்
இன்னும் கைக்கு அடங்கவில்லை.

ஒன்பது நாள் ஓடியது.
ஒன்பது நாளும் எட்டு பத்துக்கு
ஓடைப் பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில்
அவள் பேருந்திலிருந்து இறங்க
நான் பைக்கிலிருந்து நாத்தானை இறக்க
சாவி, பால் புட்டி, கரண்ட் பில் எல்லாம் கைமாறும்.
"தூங்கு" என்பேன். "பார்த்துப் போ" என்பாள்.
எங்கள் இல்லறத்தின் மொத்த உரையாடல் அது,
ஞாயிறு நீங்கலாக.

பத்தாம் நாள்
அரக்கோணம் பக்கம் எங்கேயோ சிக்னல் கோளாறு.
முதல் வண்டி ஊதவில்லை.
தூங்கினேன்.
என்னோடு உலை தூங்கியது, சீப்பு தூங்கியது,
பதினொன்றும் வரிசையாய்ப் படுத்துத் தூங்கின.
எழுந்ததும் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.
நாத்தான் காதைப் பொத்திக்கொண்டது
ஞாபகமிருக்கிறது.

அப்போது கட்டில் மேல் ஏறி நின்று
சீப்பை வாயருகே பிடித்து
மூக்கால் பேசினாள் ஜெரூஷா:
"பயணிகளின் கனிவான கவனத்திற்கு.
காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை செல்லும் அப்பா
நாற்பது நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்.
தடங்கலுக்கு வருந்துகிறோம்."

சிரித்தேன்.
சிரிக்க நேரமில்லையே என்று நினைத்துக்கொண்டே.

நிறுத்தத்தில் பியூலா
கீரைக் கூடைக்காரி பக்கத்தில்
உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.
எழுப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை.
மாற்றிப் போட்டிருந்த என் சட்டைப் பொத்தான்களை
ஒவ்வொன்றாய்க் கழற்றி
சரியான ஓட்டைக்குள் போட்டாள், நடுரோட்டில்.

அன்றோடு ரயிலை நம்புவதை விட்டேன்.
அது வரும், வராது. அதன் பாடு.
ராத்திரி பாத்திரம் கழுவிக் கை துடைத்த துண்டை
எப்படியும் கொடியில் போட்டாக வேண்டும்.
போடுகிற கை, காய்ந்த காலுறை இரண்டையும் உருவும்.
நாலு எட்டில் ஷூ. உள்ளே திணி.
அவ்வளவுதான்.
மூன்று வாரம் வேறெதையும் தொடவில்லை.
டயரியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன்.
பிறகு, ஷூவுக்குப் பக்கத்தில்
பள்ளிப் பை வந்து உட்கார்ந்தது.
பைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி,
ஆணியில் பைக் சாவி.
அரிசி அளந்து மூடுவது எப்போது சேர்ந்தது
என்று தெரியவில்லை.

நாத்தானுக்குக் காய்ச்சல் கண்ட வாரம்
எல்லாம் கவிழ்ந்தது.
ஆணியில் சாவிக்குப் பதில் தெர்மாமீட்டர் உறை தொங்கியது.
எட்டாம் நாள் ராத்திரி
துண்டைக் கொடியில் போட்டேன்.
கை தானாய்க் காலுறைக்குப் போனது.

இன்று நிறுத்தத்துக்கு எட்டு மூன்றுக்கே வந்துவிட்டோம்.
அவள் பேருந்தும் அதிசயமாய் முன்னால்.
ஏழு நிமிடம்.
இதை என்ன செய்வதென்று
எந்த அட்டையிலும் நான் எழுதியிருக்கவில்லை.

பியூலா ஜெரூஷாவைத் திருப்பி நிறுத்தி
என் கோணல் பின்னலை அவிழ்க்கிறாள்.
ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்தபடி
பக்கத்தில் நிற்கிறேன்.
தூரத்தில் ஏதோ ஒரு வண்டி ஊதுகிறது.
எதுவென்று கேட்க
யாரும் தலை திருப்பவில்லை.