குட்டைக்கால்

எந்தத் துரை எந்தக் கப்பலில் கொண்டுவந்த இனமோ,
லயத்து நாய்களோடு கலந்து கலந்து
காது மட்டும் சீமைக்காது.
காலோ சாண் உயரம்.
பனிப்புல்லில் முதலில் நனைவது வயிறு.

அக்கரப்பத்தனை மேட்டில்
எங்கள் பசு இரண்டும் போதவில்லை அதற்கு.
வாத்து, பந்தடிக்கும் பிள்ளைகள்,
பிரட்டுக்குப் பிந்திய மருதாயி,
எல்லாரையும் ஒரே வளையத்துள் தள்ளும்.
நேற்று கணக்கப்பிள்ளையின் குதிகாலைக் கவ்வி
கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிறுத்திவிட்டது.
தண்டம் ஐந்நூறு.
கட்டினேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரவில் விரலிடுக்கு அட்டைகளை
உப்புத் தொட்டு எடுப்பேன்.
ரொட்டி பாதிதான்;
கொழுத்தால் முதுகு தாங்காதாம், மாட்டு டாக்டர் சொன்னார்.

சசிதரன் கொழும்புக் கடைக்குப் போனபின்
ஏழு மணி பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்து
காம்பராவில் எங்களை எண்ணுகிறது.
வாசல்வரை போய்
திரும்பி வந்து
இன்னொரு முறை.