பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே

முதலில் வானொலி கம்மியது.
காற்றுதான், என்றான் எவரிஸ்தோ.
படகோனியாவில் எந்தப் பழியையும்
காற்றின்மேல் போடலாம்.

பிறகு, அவன் வேகம் குறைக்கும்போதெல்லாம்
முகப்பு விளக்குகள் மஞ்சளாகிச் சோர்ந்தன;
மிதித்தால் விழித்தன.
ரப்பர் கருகும் வாடை.
போன மாதம்தானே புது பேட்டரி போட்டேன் என்றான்,
யாரோ கேட்டதுபோல.

நான் கேட்கவில்லை.
டாஷ்போர்டில் சிவப்பாய் ஒரு சின்னப் பெட்டி,
உள்ளே கூட்டலும் கழித்தலும்,
எரியவா வேண்டாமா என்று சிமிட்டிக்கொண்டிருந்தது.
ஆல்டர்னேட்டர் போகிறது.
வரவு நின்ற வீடு சேமிப்பைத் தின்பதுபோல்
வண்டி பேட்டரியைத் தின்கிறது.

ஹீட்டரை அணைத்தேன்.
ஆலங்கட்டி ஓய்ந்ததும் வைப்பரை.
பின்சீட்டில் அவன் அக்கா எதெல்வினா
கால்களைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு
என்ஜினை மட்டும் நிறுத்திவிடாதே என்றாள்.
காலையிலிருந்து அவள் பேசிய ஒரே வாக்கியம்.

எஸ்கெலுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்.
செம்மறிகள் ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்தியது.
அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு
எங்கள் விளக்கை நாங்களே அணைத்தோம்.
இருட்டில் ஆட்டு மூத்திர நாற்றம்
வழிகாட்டிப் போனது.

ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்.
இண்டிகேட்டர் போட்டான்.
ஒரு டிக்.
அடுத்த டிக் வரவில்லை.
என்ஜின் அடங்க, சக்கரங்கள் மட்டும் உருண்டு
பம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

காற்றுதான், என்றேன் நான்.