புது நடை

ஆடி மாதம் பேராவூரணியில் பந்தல் காலியாய் இருப்பதில்லை.
மொய் விருந்துக்குக் கணக்கு டைப் செய்வது நான்.
நாளைக்கு எண்ணூறு ரூபாய், கறிச்சோறு தனி.
"ஆவணம் வீரையன், பழசு ஐயாயிரம், புது நடை ரெண்டாயிரம்"
என்று ஒருவர் வாசிக்க, தட்டுவேன்.
அதே லேப்டாப்பில்தான், எலும்புக் குழம்பு சிந்திய அதே கீபோர்டில்தான்,
எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஒரு கேம் செய்தேன்.

தஞ்சாவூர்க் குழு நடத்திய ஜாம்.
தலைப்பு: ஒரே ஒரு பொத்தான்.
என் கேமின் பெயர் கடைமடை.
அழுத்தினால் ஷட்டர் ஏறும், விட்டால் இறங்கும்.
கல்லணைக் கால்வாயில் விட்ட தண்ணீரை
ஏழு மதகு தாண்டிக்
கடைசி வயலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள் மூன்று பேர் ஆடினார்கள்.
அதில் ஒருத்தி நான்.
மொத்தம் நூற்றுப்பதினாறு கேம்கள்.
இருபது பேராவது மதிப்பெண் போடாததைப்
பட்டியலிலேயே சேர்க்க மாட்டார்களாம்.
மேலே இருப்பதை ஆடுகிறார்கள்,
ஆடுவதால் அது மேலேயே இருக்கிறது.
தலைமடைக்காரன் நட்டு முடித்த பிறகும்
அவன் வாய்க்காலில்தான் தண்ணீர்.

கத்தினால்தான் வரும் என்பது எங்கள் பக்கம் தெரிந்த விஷயம்.
வராத வருஷம் நடுரோட்டில் உட்காருவோம்.
அதைத் தற்பெருமை என்று யாரும் சொன்னதில்லை.
நானும் போய் உட்கார்ந்தேன்:
என்னுடையதை ஆடுங்கள், உங்களுடையதை ஆடுகிறேன்.

ஆடினேன். முதல் பத்தை முழுசாக.
பிறகு பாதி.
பிறகு முகப்புப் படத்தைப் பார்த்து ஐந்து நட்சத்திரம்.

நாற்பத்தொரு பேர் வந்தார்கள். சராசரி நாலே முக்கால்.
"கடைசி வயலில் தண்ணீர் ஏறும்போது அழுதுவிட்டேன்"
என்று எழுதியிருந்தார் வலங்கைமான் செல்வமுருகன்.
அம்மாவிடம் வாசித்துக்கூடக் காட்டினேன்.

ஒரே ஒரு இரண்டு.
முத்துப்பேட்டை ஹமீதா பானு:
"மூன்றாவது மதகு திறக்கவில்லை.
நான்கு தடவை முயன்றேன்.
அதுவரை நன்றாக இருந்தது."

போய் அழுத்திப் பார்த்தேன்.
திறக்கவில்லை.
கடைசி அரைமணியில் நான் திருத்திய ஒரு வரி.
யார் அழுத்தினாலும் அது ஏறாது.
கடைமடைக்கு ஒரு சொட்டும் போயிருக்காது.
நாற்பது பேர் மெச்சிய வெள்ளம்
எந்த ஆற்றில் வந்தது?

வீரையன் ஐயாயிரம் வைத்தால்
சோறு ருசி என்று அர்த்தமில்லை,
போன தடவை வாங்கியது ஐயாயிரம் என்று அர்த்தம்.
எழுதியே வைத்திருக்கிறோம்.
மொய் தன்னை மார்க் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஹமீதாவின் கேமுக்கு நான்கே பேர்.
யாரிடமும் கேட்கவில்லை போல.
அலையாத்திக் காட்டுக்குள் ஒரு தோணி, ஒரு விளக்கு.
ஏற்றினால் மீன் ஓடும்,
அணைத்தால் வழி தெரியாது.
இரண்டு முறை முடித்தேன், ராத்திரி ஒன்றரை வரை.

ஐந்து போட்டால் அந்த இரண்டுக்கு லஞ்சம்.
இரண்டு போட்டால் பழி.
நிஜமாகத் தோன்றியது நான்கு.
ஆனால் நான்கு போட்டாலும்
அவளுக்கு அது என்னவாகத் தெரியும்?
இத்தனை நாள் தொகை தட்டிய விரலுக்கு
ஒரு எண்ணை வெறும் எண்ணாகப் போட வரவில்லை.

நான்குதான் போட்டேன்.
விளக்கை அணைத்ததும் துடுப்புச் சத்தம்
ஒரு நொடி தாமதமாகிறது என்று எழுதினேன்.
என் கேமின் பக்கத்தில்
மூன்றாவது மதகு திறக்காது என்று எழுதினேன்.
நாற்பதில் ஒருவரும் தன் ஐந்தைக் குறைக்கவில்லை.
பார்க்காமல் போட்ட என் ஐந்துகளை
நானும் திரும்ப எடுக்கவில்லை.
எடுத்தால் யார் யார் என்று தெரிந்துவிடும்.

மறுநாள் பந்தலில்
"முத்துப்பேட்டை காசிம், ஐநூறு" என்றார்கள்.
பழசு எவ்வளவு என்றேன், தலை நிமிராமல்.
பழசெல்லாம் இல்லை தங்கச்சி,
இவர் நமக்கு ஒன்றும் பாக்கியில்லை,
சும்மா வந்திருக்கிறார்,
புது நடை என்று போடு.