பூட்டிய கிணறுகள்

இங்கே பதினொரு கிணறுகள்.
ஒன்றிலும் வாளி இறங்கியதில்லை.
இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் குழாய்,
இரும்பு மூடி, அதற்கொரு பூட்டு.
வருடத்துக்கு நான்கு முறை வந்து திறக்கிறேன்.
ஒரு குமிழிகூட இல்லாமல்
சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி
ஐஸ் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறேன்.
குடிப்பதற்கில்லை.
கேட்பதற்கு.

மில்வாக்கியின் வடபக்கம்
சரக்கு ரயில் பாதையை ஒட்டிக்கொண்டு
மூன்று மைலுக்கு இப்படித்தான்:
மோட்டார் சுற்றிய ஆலை, தோல் பதனிட்ட ஆலை,
இங்கே லாரிச் சட்டம் அடித்த ஆலை.
எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய கரைப்பான்
தரை விரிசலில் இறங்கியது.
ஆலை போய் இருபது வருடம்.
கரைப்பான் போகவில்லை.
வருடத்துக்கு முப்பது அடி கிழக்கே நகர்கிறது,
வாடகை பாக்கி இல்லாதவன் நடை.

வேலியில் நகராட்சிப் பலகை.
எழுநூறு வேலைகள் என்றது முதலில்.
படத்தில் கண்ணாடிக் கட்டடம், இளமரங்கள்,
கைகோத்து நடக்கும் யாரோ இருவர்.
அடுத்த குளிர்காலம் முந்நூறு என்று மேலே ஒட்டினார்கள்.
பனி உருகிய மார்ச்சில் ஸ்டிக்கர் பாதி உரிந்து
இரண்டு எண்களும் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தெரிந்தன.
முதலீட்டாளர்கள் பேருந்தில் வந்தார்கள்.
ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தோம்.
தலையில் விழ
அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

எதிர்வீட்டு வெர்லீன் ப்ரூயிட்
விடியுமுன் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி,
நடைபாதை இல்லாத சாலையில் ஒன்றரை மைல் நடந்து
புறநகர்க் கிடங்கில் பெட்டி ஒட்டப் போவாள்.
விடுமுறை நாளில் வேலியோரம் வந்து நிற்பாள்.
"போன தடவை எவ்வளவு வந்துச்சு?"
"நானூத்திப் பத்து."
"அதுக்கு முன்னாடி?"
"ஐந்நூத்தி அறுபது."
"அப்ப குறையுது."
"குறையுது."
பலகைப் பக்கம் தலையை ஆட்டுவாள்:
"அதுவும்தான் குறையுது."

மண்ணுக்கு ஊசி போட்டோம்.
இரும்புத் தூள் கரைத்து, நூற்று நாற்பது துளைகளில்.
இரும்பை அடித்துப் பிழைத்த இடம்
இரும்பை விழுங்கித் தேறத் தொடங்கியது.

ஒன்பதாம் வருடம் ஒரு கம்பெனி வந்தது.
உறைபனி பீட்சா.
பன்னிரண்டு வருட வரிச்சலுகை,
நூற்றுப் பதினெட்டு வேலைகள்.
பலகையை எடுத்துவிட்டார்கள், அந்த எண்ணை எழுதாமலே.

விண்ணப்பத்தில் ஆறாம் கேள்வி:
வேலைக்கு வர நம்பகமான வாகனம் உண்டா?
உண்டு. இல்லை. இரண்டு கட்டங்கள்.
வெர்லீன் இரண்டையும் விட்டுவிட்டு
கீழே எழுதினாள்: ரோட்டைக் கடப்பேன்.
காலிக் கட்டத்தைக் கண்ட கணினி
அவளைத் தள்ளிவிட்டது.
இரண்டாம் முறை 'உண்டு' என்று அடித்தாள்.
பொய்யில்லையே என்று என்னிடம் காலை நீட்டினாள்.
பத்தாம் நம்பர் ஷூ.

இப்போது பத்துக் கிணறுகளில் சிமெண்ட் ஊற்றியாயிற்று.
பதினொன்றாவது கார் நிறுத்துமிடத்தில்,
நாற்பத்தேழுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவே.
நான் மண்டியிட்டுத் திறக்கும்போது
யாராவது ஹாரன் அடிக்கிறார்கள்.
ஒன்பது என்கிறது அது. பிறகு பதினொன்று.
மறுபடியும் ஒன்பது.
ஐந்துக்குக் கீழே இறங்கினால் என் வேலை முடியும்.
முடிந்தால் எனக்கு இங்கே வேலை இல்லை.
இந்தக் கணக்கு
எந்தப் பலகையிலும் வராது.

இடைவேளையில் வெர்லீன் வருகிறாள்.
தலையில் வலை, புருவத்தில் மாவு.
"இன்னைக்கு?"
"ஆய்வகம் சொல்ல ரெண்டு வாரம்."
கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
நாலு நிமிஷம் இருக்கு என்கிறாள்.
பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து
கம்பத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள்,
இப்படி, அப்படி.
தண்ணீர் மாதிரியேதான் இருக்கிறது.