கயிற்றின் இந்தப் பக்கம்

மார்த்தாண்டம் சந்தையில்
இருபது மீட்டர் நைலான் கயிறு அளக்கும்போது
கடைக்காரர் கேட்டார்:
"கிணத்துக்கா, மாட்டுக்கா?"
"மாப்பிளைக்கு" என்றேன்.
சிரித்தார்.
விலையில் ஒன்றும் குறைக்கவில்லை.

போன வருசம் அருமனையில்
ஒரு கார் ஷெட்டின் மேலிருந்து விழுந்தவர்.
ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் பாசியைக் கண்டார்,
பாசிக்கு அடியில் விரிசலைக் காணவில்லை.
குதிங்காலுக்கு மூன்று மாசம் மாவுக்கட்டு.
கட்டின்மேல் எங்கள் சின்னவள்
ஒரு ஓட்டு வீடு வரைந்தாள்.
அதன் கூரைக்கும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால்
பாசி தீட்டி வைத்தாள்.

இன்றைக்குக் குலசேகரம். டெல்பின் டீச்சர் வீடு.
ஆனியிலும் ஐப்பசியிலும் மழை குடித்த கூரை.
ரப்பர் மரங்கள் வெயிலை விடாத வடக்குச் சரிவில்
ஆட்டுக்குட்டி முதுகுபோல் தடித்துக் கிடக்கிறது பாசி.
கிணற்றைத் தார்ப்பாயால் மூடினோம்.
பனி காயட்டும் என்று பதினொரு மணிவரை இருந்தோம்.
ஈரத்தில் ஏறினால் ஓடே காலை வாரிவிடும்.
டீச்சர் இரண்டு தடவை காப்பி தந்தார்,
இரண்டு தடவையும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் இடுப்பிலிருந்து கயிறு
முகட்டைத் தாண்டி என் பக்கம் இறங்குகிறது.
அயனி மரத்து மூட்டில் இரண்டு சுற்று.
மிச்சம் என் கையில்.
இங்கிருந்து அவர் தெரியமாட்டார்.
கயிறுதான் சொல்லவேண்டும்.
லேசாக ஒரு இழுப்பென்றால்
அடியில் கழுக்கோல் ஓடும் இடம் பார்த்துக்
கால் மாற்றுகிறார்.
தொய்ந்தால் குந்தியிருக்கிறார்,
தும்புப் பிரஷ் மேலிருந்து கீழே
மேலிருந்து கீழே போகிற சத்தம் கேட்கும்.
சத்தமும் இல்லை, அசைவும் இல்லையென்றால்
பீடி.
கீழேயிருந்து கத்தி அணைப்பேன்.

பன்னிரண்டே காலுக்கு
ஓடு முறிந்தது.
கயிறு என் உள்ளங்கையை எரித்துக்கொண்டு ஓடி
மரத்தில் இறுகி நின்றது.
கம்பிபோல் நின்றது.
என்ன சொல்லி அழைப்பது?
பதினாறு வருசமாக
"இஞ்ச பாருங்க" என்றுதான் பழக்கம்.

"எட்வின்சிங்கே!"

ரப்பர் இலை விழுவதெல்லாம் காதில் கேட்டது.
பிறகு அந்தப் பக்கமிருந்து,
மூச்சு வாங்கிக்கொண்டு:
"என்னட்டீ, பேரு சொல்லி விளிக்கிய?"

ஏணியில் இறங்கி வந்தவர்
முதலில் முடிச்சைப் பார்த்தார்.
அப்புறம் என் கையைத் திருப்பிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
டீச்சர் உடைந்த ஓட்டின் பெயரெழுத்தைச் சேர்த்து வைத்து
இது இப்போ எங்கே கிடைக்கும் என்றார்.
கூலியில் பிடிப்பார்.
பிடிக்கட்டும்.

தெற்குச் சரிவு பாக்கி.
கயிற்றை மாற்றிக் கட்ட வடக்கே வந்தேன்.
அவர் வந்து விழுந்திருக்கவேண்டிய இடத்தில்
அள்ளித் தள்ளிய பாசி
குவியலாகக் கிடந்தது.
டீச்சர் வீட்டுக் கோழி ஒன்று
அதன்மேல் ஏறி நின்று
புழு தேடிக் கிளறிக்கொண்டிருந்தது.