இரண்டு விலைப்பட்டியல்கள்

சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்.
ஒன்று பறக்காமலிருக்க ஊறுகாய்ப் புட்டி,
மற்றதன்மேல் என் மூக்குக்கண்ணாடிக் கூடு.

கம்பி இழுப்பது: ஆயிரத்து நூற்றெண்பது வெள்ளி,
கூலியோடு.
கம்பியில்லாதது: அறுநூற்று நாற்பது.
பேட்டரி நம் செலவு.

திரு. கோ சனிக்கிழமை வந்தார்.
டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல்
சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
"கம்பி ஏமாற்றாது.
அறுத்தால், அறுத்த நொடியில் கத்தும்.
இருபது வருஷம் கழித்தும் கத்தும்."
கூரையோரமாய் வெள்ளைக் குழாய் ஓடுமாம்,
அரைநாள் துளைபோடும் சத்தம்,
பக்கத்து வீட்டு மேடம் தியோவிடம்
முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம்.
மாதிரிக்கு ஒரு முழம் கம்பியை
மேசையில் விட்டுப் போனார்.

ஃபைருஸ் ஞாயிறு வந்தான்.
முழு அமைப்பும் முதுகுப்பையில்.
கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் அதன் ஜோடி;
பிரிந்தால் சேதி போகும், அவ்வளவுதான்.
பெட்டியைப் படுக்கையறையில் வைத்துச் சோதித்தான்.
போகவில்லை.
நடுவே பதுங்கறை.
அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ், ஓடாத மின்விசிறி
போட்டுவைத்திருக்கிறோம் அதில்.
குண்டு விழுந்தாலும் நிற்கக் கட்டிய சுவர்
இந்தச் சின்னச் சொல்லையும்
கடக்க விடவில்லை.
பிரச்சினையில்லை அங்கிள், என்றான்,
கூடத்தில் இன்னொன்று வைத்தால்
அது வாங்கிக் கைமாற்றிவிடும்.
நாற்பத்தைந்து வெள்ளி கூட.

இருவரும் கேட்டது ஒரே கேள்வி:
திருடன் வந்தால் எந்தப் பக்கமாக வருவான்?
ஈசூனில், ஒன்பதாம் மாடியில்,
எங்களிடம் என்ன இருக்கிறதென்று வருவான்?
சன்னலைக் காட்டினேன்.
ஏதாவது காட்டவேண்டுமே.

மூன்றாந்தேதி, விடியுமுன், மூன்றேகால்.
குமுதவல்லி நீல மேலங்கி போட்டு
பணியாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டி
கம்பிக்கதவைத் திறந்து
மின்தூக்கியில் இறங்கி
புளோக்குக்கு எதிரே நிறுத்தத்தில் நின்றாள்,
அங் மோ கியோ தொழிற்சாலைப் பேருந்துக்கு.
தொழிற்சாலை மூடிப் பதினேழு வருஷம்.
கீழ்த்தளம் கூட்டுகிற வங்காளதேசத்துப் பையன்
கைபிடித்துக் கூட்டிவந்து மணியடித்தான்.
எனக்கு அதுவரை நல்ல தூக்கம்.

இதை ஃபைருஸிடம் மட்டும் சொன்னேன்,
அவன் சப்பாத்து மாட்டும்போது.
மறுபடி கழற்றினான்.
சைரன் வேண்டாம், ஆன்ட்டி பயப்படுவார் என்றான்.
தலையணைக்கடியில் வைக்கிற வில்லை ஒன்று உண்டு,
அதிரும்.
உங்களை மட்டும் எழுப்பும்.

இரவெல்லாம் கணக்குப் போட்டேன்.
பேட்டரி சத்தமில்லாமல் செத்தால்?
அலையை யாராவது அடைத்தால்?
கம்பிக்கு அந்தக் கவலை இல்லை.
கம்பிதான் என்று
இரண்டு மணிக்கு முடிவு செய்தேன்.

திங்கள் காலை, மேசையில் குமுதவல்லி,
கையில் அந்த ஒரு முழம்.
நகத்தால் தோலுரித்து
செம்பு இழைகளைப் பிரித்து, மறுபடி முறுக்கி
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
என் பெயர் அவளிடமிருந்து போய் நாலு மாதம்.
"யார் பண்ணுனது இது? சால்டர் பிடிக்கல.
ரிஜெக்ட்"
என்றாள் என்னிடம், லைன் லீடர் குரலில்.

சுவரில் கம்பி ஓடினால்
ஒரு வாரத்தில் எல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

தலையணை முதன்முறை நடுங்கியது வெள்ளிக்கிழமை.
கதவைத் திறந்துவைத்து
ஒரு காலை வெளியே வைத்து நின்றிருந்தாள்.
"பஸ் வந்துருச்சா?"
இன்னும் இல்லை என்றேன்.
செருப்பு அலமாரிமேல் இருவரும் உட்கார்ந்தோம்.
அணைக்க மறந்த வில்லை
உள்ளே கட்டிலில்
உர்ரென்றுகொண்டே இருந்தது.

திரு. கோவுக்குப் போன் போட்டேன்.
வேண்டாம் என்றதும் குரல் இறங்கியது.
அந்தக் கம்பி மட்டும் பத்து மீட்டர் கிடைக்குமா?
எதற்கு என்றார்.
விலை கேட்டேன்.
பன்னிரண்டு வெள்ளி.
பேரம் பேசவில்லை.